பொருள்வில்லையின் கழுத்தில் என்ன எழுதியிருக்கிறது?

“சேர், இது 2000 மடங்கு பெருப்பிக்குமாம். இதையே எடுப்பமோ?”

ரொறன்ரோவிலிருந்து கேட்டவன் என்னிடம் உயிரியல் படித்த பிள்ளை. வகுப்பு நண்பர்களோடு சேர்ந்து பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு நுணுக்குக்காட்டி வாங்கிக் கொடுக்கப் போகிறான். வட்ஸ்அப்பில் மூன்று விலைப்பட்டியல் வந்திருந்தது. மூன்றிலும் கொட்டை எழுத்தில் நின்றது மடங்குக் கணக்கு: ஒன்றில் 1000, மற்றதில் 1600, இன்னொன்றில் 2000. நான் தேடிய இரண்டு விபரம் மட்டும் எதிலும் இல்லை. பொருள்வில்லை, அதாவது பார்க்கும் பொருளின் பக்கமுள்ள வில்லை, எந்த இனம்? எவ்வளவு ஒளியை அது உள்ளே எடுக்கும் என்று சொல்லும் எண்ணான என்.ஏ. எவ்வளவு?

“தம்பி, மடங்கை விடு. பொருள்வில்லையைக் கிட்டவாப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. கழுத்திலை எல்லாம் எழுதியிருக்கும்” என்றேன்.

அவனுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகளுக்கும், ஆய்வுகூடத்துக்குச் சாமான் வாங்கும் ஆசிரியர்களுக்கும் உதவலாம்.

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைக்கும் இடத்தில் இருப்பது கண்வில்லை. பொருளை வைக்கும் கண்ணாடித் தகடான வழுக்கிக்கு நேர் மேலே, சுழலும் தட்டில் மூன்று நாலாகத் தொங்குபவை பொருள்வில்லைகள். படத்தை உண்டாக்குவது பொருள்வில்லைதான். கண்வில்லை அந்தப் படத்தை வாங்கிப் பெருப்பித்துக் காட்டும், அவ்வளவே. பொருள்வில்லை தவறவிட்ட நுணுக்கத்தைக் கண்வில்லை தேடிப்பிடித்துத் தராது. ஆகவே கையிலிருக்கும் காசை எங்கே போடுவது என்று கேட்டால், விரல் நீளம்கூட இல்லாத இந்தச் சின்னக் குழாயில் என்பேன்.

பள்ளிக்கூடத்து 40 மடங்கு வில்லையைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். மேலே 40/0.65. கீழே 160/0.17. நாலு எண்ணில் முதலாவதை எல்லாரும் வாசிப்பார்கள். வில்லையின் சாதகம் இருப்பது இரண்டாவதில்.

அந்த 0.65தான் என்.ஏ. நியூமெரிக்கல் அப்பேச்சர் என்பதன் சுருக்கம். வழுக்கியிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வரும் ஒளியில் எவ்வளவு அகன்ற கூம்பை வில்லை உள்ளே எடுக்கிறது என்று அது சொல்கிறது. பொருளின் அமைப்பு எவ்வளவு நுண்ணியதோ, அவ்வளவுக்கு அதில் பட்ட ஒளி பக்கவாட்டில் சரிந்து போகும். ஒரு குழாய்க்கிணற்றின் அடியில் ரோச் லைற்றை மல்லாத்தி வைத்ததாக நினையுங்கள். நேரே மேலே வரும் ஒளி மட்டும் வெளியே வரும். சரிந்து போனதெல்லாம் சுவரில் அடிபட்டு அடங்கிவிடும். அதே லைற்றை வாய் அகன்ற தோட்டக் கிணற்றில் வைத்தால் சரிந்த ஒளியும் வெளியே வரும். நுண்ணிய விபரத்தைச் சுமந்து வருவது அந்தச் சரிந்த ஒளி. அதைப் பிடிக்காத வில்லை எத்தனை மடங்கு பெருப்பித்தாலும் விபரம் வராது.

கணக்காகவும் பார்க்கலாம். ஒளியின் அலைநீளத்தை 0.61ஆல் பெருக்கி என்.ஏ.யால் பிரித்தால், அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகள் இரண்டாகத் தெரிவதற்கு அவற்றுக்கிடையே இருக்கவேண்டிய ஆகக் குறைந்த தூரம் வரும். பச்சை ஒளிக்கு 550 நனோமீற்றர் என்று எடுத்தால், 4/0.10 வில்லைக்கு 3.4 மைக்ரோமீற்றர். 10/0.25க்கு 1.3. 40/0.65க்கு 0.52. எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100/1.25க்கு 0.27. செங்குருதிக் கலம் ஒன்று 7 முதல் 8 மைக்ரோமீற்றர் அகலம். ஆகவே 4 மடங்கு வில்லையில் அது வெறும் பொட்டு. 40இல் நடுவே வெளிறிய தட்டு. அதற்குள் ஏதாவது குடியிருக்கிறதா என்று தேட 100 வேண்டும்.

இந்தக் கணக்குக்கு அடிப்படையானதை 1873இல் எழுதியவர் ஏர்ன்ஸ்ட் அபே. ஜேர்மனியின் ஜேனா நகரில் கார்ல் சைஸ் தொழிற்சாலையோடு சேர்ந்து வேலை செய்த இயற்பியலாளர். அவருடைய சமன்பாட்டை அந்த ஊரில் நினைவுக்கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கல்லில் உபயகாரரின் பெயர்தான் வெட்டுப்படும்.

இப்போது 2000 மடங்குக்கு வருவோம். என்.ஏ.யை 1000ஆல் பெருக்கினால் வருவதுதான் பயனுள்ள பெருக்கத்தின் மேல் எல்லை என்பது நுணுக்குக்காட்டிக்காரர்களின் கைக்கணக்கு. 1.25 வில்லைக்கு 1250. அதற்கு மேலே போக விற்பனைக்காரர் செய்வது, 10 மடங்குக் கண்வில்லையைக் கழற்றிவிட்டு 20 மடங்குக் கண்வில்லையைப் போடுவது; பொருள்வில்லையின் 100ஐ 20ஆல் பெருக்கினால் 2000. கலியாண வீட்டில் கைத்தொலைபேசியால் எடுத்த படத்தைப் பனர் அடிக்கக் கொடுத்தால் முகம் பெரிதாகும், கண்ணிமை வராது. அதே கதை.

எண்ணெய் ஏன் என்றும் கேட்டான். காற்றில் வேலை செய்யும் வில்லைக்கு என்.ஏ. 1ஐத் தொடமுடியாது, 0.95 வரை வந்தாலே பெரிய காரியம். ஒளியை ஒரு பொருள் எவ்வளவுக்கு வளைக்கும் என்று சொல்லும் எண் முறிவுச்சுட்டி; காற்றுக்கு அது 1 என்பதால் அது இயற்கை போட்ட வேலி. கண்ணாடிக்குள்ளிருந்து காற்றுக்கு வரும் ஒளி, செங்குத்திலிருந்து ஏறக்குறைய 41 பாகைக்கு மேலே சரிந்தால் வெளியே வராமல் உள்ளேயே தெறித்துவிடும். வழுக்கிக்கும் வில்லைக்கும் நடுவே முறிவுச்சுட்டி 1.515 உள்ள எண்ணெய்த் துளியை விட்டால், கண்ணாடியும் எண்ணெயும் ஏறக்குறைய ஒரே பொருளாகி, அந்த ஒளியும் வில்லைக்குள் போய்விடும். இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்துவிட்டது. ஆனாலும் வெளிநாடு போய்வந்த ஒருவர் காய்ச்சலோடு படுத்தால் குருதிப் பூச்சு எடுத்து இந்த எண்ணெய் வில்லையில்தான் பார்க்கிறார்கள். செங்குருதிக் கலத்துக்குள் மோதிரம்போலக் கிடக்கும் ஒட்டுண்ணியைக் காற்று வில்லையை நம்பித் தேடமுடியாது.

இனி இனங்கள். வெண்ணொளி ஒரு வில்லைக்குள் போனால் நீலம் அவசரப்பட்டு முன்னே குவிந்துவிடும். சிவப்பு ஆறுதலாகப் பின்னே குவியும். ஒரே இடத்தில் கூடாத நிறங்கள் படத்தின் விளிம்பில் ஊதாவாகவும் பச்சையாகவும் கசியும். இதுதான் நிறப்பிறழ்ச்சி. இதோடு கோளப்பிறழ்ச்சி என்று இன்னொன்று உண்டு: வில்லையின் ஓரத்தால் போன ஒளியும் நடுவால் போன ஒளியும் வெவ்வேறு இடத்தில் குவிந்து, படத்தின் மேலே மெல்லிய பால் படர்ந்ததுபோலச் செய்யும்.

அக்ரோமற் என்பது இரண்டு வகைக் கண்ணாடியை ஒட்டி, சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் கூட்டிய வில்லை. கோளப்பிறழ்ச்சியை ஒரு நிறத்துக்கு, அநேகமாகப் பச்சைக்கு, திருத்தியிருப்பார்கள். பள்ளிக்கூடங்களில் இருப்பது இதுதான். கழுத்தில் இனம் எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் அக்ரோமற் என்றே எடுத்துக்கொள்ளலாம். இதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். பச்சை வடிகட்டிக் கண்ணாடி ஒன்றை விளக்குக்கு மேலே வைத்தாலே இதன் படம் கண்ணுக்குத் தெரியத் திருந்தும். வில்லை எந்த நிறத்துக்குத் திருத்தப்பட்டதோ அந்த நிறத்தை மட்டும் கொடுக்கிறோம். மிச்ச நிறங்கள் வந்து குழப்பாது. சாயமூட்டிய வழுக்கியின் நிறம் போய்விடும் என்பது உண்மை. தயற்றம் என்ற ஒற்றைக்கல நுண்பாசியைச் சாயமில்லாமல் பார்க்கும்போது அந்தக் கவலை இல்லை.

அபேக்கு அக்ரோமற் போதவில்லை. மூன்று நிறத்தை ஒரே இடத்தில் கூட்ட, அப்போது கிடைத்த கண்ணாடிகளால் முடியாது. ஒற்றோ ஷொட் என்ற கண்ணாடி வேதியியலாளரைக் கூட்டுச் சேர்த்துப் புதுக் கண்ணாடிகள் உருக்கினார்கள். அதுவும் போதாமல் புளுவோரைற் என்ற கனிமத்தை வில்லையாகத் தீட்டினார்கள். வேதியியலில் கல்சியம் புளோரைட்டு. இந்தக் கல்லில் நிறங்கள் பிரிந்து போவது மிகக் குறைவு. 1886இல் அப்போக்ரோமற் பிறந்தது. அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கூடும். கோளப்பிறழ்ச்சியும் ஒன்றுக்கு மேற்பட்ட நிறத்துக்குத் திருத்தப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது செமி அப்போக்ரோமற். புளுவோரைற், புளுவோர் என்ற பெயர்களிலும் வரும். புற ஊதா ஒளியையும் நன்றாக விடுவதால், ஒளிரும் சாயம் போட்டுப் பார்க்கும் ஆய்வுகூடங்களுக்கு அது செல்லப்பிள்ளை. இன்றைக்கு இயற்கைக் கல்லைவிடச் செயற்கையாக வளர்த்த பளிங்கும் அதை ஒத்த புதுக் கண்ணாடிகளும்தான் கூடுதலாகப் பாவனையில் இருக்கின்றன.

நிறம் கூடுவதால் மட்டும் அப்போக்ரோமற் கூர்மையாகத் தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. பிறழ்ச்சி அடங்கியபடியால் வில்லையின் வாயைப் பெரிதாக்கத் துணிவு வருகிறது. 40 மடங்கு அக்ரோமற்றின் என்.ஏ. 0.65 என்றால், அதே 40 மடங்கில் புளுவோரைற் 0.75க்கும் அப்போக்ரோமற் 0.95க்கும் போகும். மேலே சொன்ன கணக்கில் போட்டால் 0.52 மைக்ரோமீற்றர் 0.45 ஆகி, பிறகு 0.35 ஆகிறது. மடங்கு ஒன்றே; தெரிவது வேறு.

இதை ஒருமுறை நேரிலே பார்த்தேன். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடிக் கல்லில் படிந்திருந்த பாசியைச் சுரண்டி, அதிலிருந்த தயற்றங்களை வழுக்கியில் ஏற்றி, நண்பர் ஒருவரின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். தயற்றத்தின் சிலிக்கா ஓட்டில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். எங்கள் 0.65 வில்லையில் ஒரு ஓடு வெறும் சாம்பல் நிறப் படகாகத் தெரிந்தது. 0.95 அப்போக்ரோமற்றைச் சுழற்றிப் போட்டு, அதன் கழுத்திலுள்ள வளையத்தை ஒரு மயிரிழை திருப்பினார் நண்பர். பன்னப்பாயின் பின்னல்போலக் கோடுகள் எழுந்து வந்தன. வாயடைத்துப் போனேன். பிறகு வில்லையின் விலையைச் சொன்னார். திரும்பவும் வாயடைத்துப் போனேன். அந்த ஒரு வில்லையின் விலைக்கு மாணவர் பாவிக்கும் முழு நுணுக்குக்காட்டிகள் பல வாங்கலாம்.

இன்னும் ஒரு சொல் மிச்சம்: பிளான். அக்ரோமற், அப்போக்ரோமற் எல்லாம் நிறத்தைப் பற்றிய பேச்சு. பிளான் என்பது தளத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் விலைப்பட்டியல் வாசிக்க வராது.

வழுக்கி தட்டையானது. ஆனால் சாதாரண வில்லை உண்டாக்கும் படம் தட்டையாக விழாது. அப்பத் தாச்சியின் உட்புறம்போல வளைந்து விழும். நடுவைக் கூராக்கினால் ஓரம் மங்கும்; ஓரத்தைக் கூராக்கினால் நடு மங்கும். சாதாரண அக்ரோமற்றில் பார்வை வட்டத்தின் நடுப்பகுதி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒரே தடவையில் கூராகத் தெரியும். கூடுதலாகச் சில வில்லைகளைச் சேர்த்து அப்பத்தைத் தோசையாக்கினால் அது பிளான். சைஸ் தொழிற்சாலையில் ஹான்ஸ் பேகெஹோல்ட் 1938இல் இதைச் செய்து காட்டினார். பிளான் அக்ரோமற், பிளான் அப்போக்ரோமற் என்றெல்லாம் பெயர் வருவது இப்படித்தான். செமி பிளான் என்றால் பாதித் தோசை.

எங்கள் காலத்தில் பிளான் இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், வளைகண்ணாடி பூட்டிய நுணுக்குக்காட்டியை யன்னலோரம் வைத்து, முகில் விலகும் மட்டும் காத்திருந்து வெங்காய மேற்றோல் பார்த்தோம். கண் நடுவைத்தான் பார்க்கும். ஓரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கை தானாகவே வழுக்கியை நகர்த்தும், நுண் திருகியைத் திருப்பும். மூளை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படமாக்கிவிடும். கமராவுக்கு இந்த வித்தை தெரியாது. கைத்தொலைபேசியைக் கண்வில்லையில் வைத்துப் படம் எடுக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைதான் “சேர், ஓரமெல்லாம் மங்குது, வில்லை பழுதோ?” என்று கேட்கிறது. பழுதில்லை. அப்பம். படம் எடுப்பதாக இருந்தால் பிளான் அக்ரோமற்றுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு வீண்போகாது. அப்போக்ரோமற்றுக்கு அள்ளிக் கொடுப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடம் செய்யவேண்டியது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

கழுத்தின் இரண்டாவது வரியை மறக்கவில்லை. 160 என்பது குழாயின் நீளம், மில்லிமீற்றரில். புது நுணுக்குக்காட்டிகளில் அந்த இடத்தில் எட்டைச் சரித்துப் படுக்கப் போட்டதுபோல ஒரு குறி இருக்கும். முடிவிலி என்று அர்த்தம். 160 வில்லையை முடிவிலி உடலில் பூட்டக்கூடாது, அதைப்போல மறுபக்கமும். திருகாணி பொருந்துகிறதே என்று பூட்டிவிட்டு வில்லையைத் திட்டுவார்கள். முடிவிலி வில்லைகளிலும் நிக்கொன் வில்லை ஒலிம்பஸ் உடலில் எழுதிய மடங்கைத் தராது. உள்ளே இருக்கும் குழாய் வில்லையின் குவியத்தூரம் நிக்கொனுக்கு 200 மில்லிமீற்றர், ஒலிம்பஸுக்கு 180.

0.17 என்பதுதான் என்னை அதிகம் பேசவைப்பது. அது கவர்சிலிப்பின், அதாவது வழுக்கியிலுள்ள பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியின், தடிப்பு, மில்லிமீற்றரில். வில்லையை வடிவமைத்தவர் அந்தத் தடிப்புள்ள கண்ணாடியையும் வில்லையின் ஒரு பாகமாகவே கணக்கில் எடுத்திருக்கிறார். கவர்சிலிப் இல்லாமலோ வேறு தடிப்பிலோ பார்த்தால் கோளப்பிறழ்ச்சி திரும்பி வந்துவிடும். 4, 10 மடங்கு வில்லைகளுக்கு இது ஒரு பொருட்டில்லை. 40/0.65க்குக் கொஞ்சம் தெரியும். 40/0.95க்கு நூறில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் படம் கெடும். நண்பர் திருப்பிய வளையம் அந்தப் பிசகைச் சரிக்கட்டத்தான். ஆகவே கண்ட கவர்சிலிப்பைப் போட்டு, வளையத்தைத் தொடாமல் பார்த்தால், அந்த விலை உயர்ந்த அப்போக்ரோமற் எங்கள் அக்ரோமற்றைவிட மோசமாகத் தெரியக்கூடும். கவர்சிலிப் போடாத குருதிப் பூச்சு 40இல் எப்போதும் புகைமூட்டமாகத் தெரிவதும் இதனால்தான். எண்ணெய் வில்லைக்கு இந்தக் கரைச்சல் மிகக் குறைவு; எண்ணெயே கண்ணாடிபோல நடந்து அந்த இடத்தை நிரப்பிவிடும்.

வில்லையின் இனத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்கவேண்டிய வேறு விஷயங்களும் உண்டு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் படிப்பித்த இடமொன்றில் 40 மடங்கு வில்லை ஒரு தவணை முழுக்க மங்கலாகவே தெரிந்தது. பழுதான பொருட்களின் பட்டியலில்கூட ஏற்றிவிட்டோம். வந்த ஒருவர் கண்வில்லையை உருவி, தலைகீழாகப் பிடித்து, கைவில்லைபோல வைத்து அந்த 40இன் நுனியைப் பார்த்தார். நுனியில் எண்ணெய் காய்ந்து பிசின்போல இருந்தது. யாரோ 100இல் எண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டு அப்படியே 40ஐச் சுழற்றியிருக்கிறார்கள். உரிய கரைசலைத் தொட்டு வில்லைத் தாளால் மெதுவாகத் துடைத்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து மங்கல் என்று யாராவது சொன்னால் நான் முதலில் செய்வது கண்வில்லையை உருவுவது. துடைக்கச் சேலைத் தலைப்பையோ கைலேஞ்சியையோ எடுக்காதீர்கள்; அதிலுள்ள மண் துகள் போதும் கீறலுக்கு.

மேடைக்குக் கீழே நின்று ஒளியைக் குவித்து அனுப்பும் கொண்டென்சரின் டயபிரம், அதாவது ஒளிவழியை ஒடுக்கி விரிக்கும் துவாரம், இன்னொன்று. வெளிச்சம் கூடிவிட்டது என்று அதை இறுக மூடிவிடுவார்கள். மூடினால் பொருளுக்குப் போகும் ஒளிக்கூம்பு ஒடுங்கி, 0.65 வில்லை 0.3 வில்லைபோல நடக்கத் தொடங்கும். காசு கொடுத்துத் தோட்டக் கிணறு வாங்கி, அதன் வாயை மூடி வைப்பதற்குச் சமன். வெளிச்சத்தைக் குறைக்க விளக்கின் திருகியைத் திருப்பவேண்டும். கண்வில்லையை எடுத்துவிட்டுக் குழாய்க்குள் பார்த்தால் தெரியும் ஒளி வட்டத்தில், முக்கால்வாசி அளவுக்கு டயபிரம் திறந்திருந்தால் போதும்.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை பூஞ்சணம். மாரி தொடங்கிவிட்டால் பெட்டிக்குள் பூட்டி வைத்த வில்லையில் சிலந்தி வலைபோலப் படரும். உள் வில்லையில் ஏறிவிட்டால் நாங்கள் கழற்றிச் சுத்தம் செய்யமுடியாது. சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, நிறம் மாறினால் சூடாக்கி ஈரம் போக்கித் திரும்பப் போடவேண்டும்.

இரண்டு நாள் கழித்து அவன் கழுத்துப் படங்களை அனுப்பினான். 2000 மடங்குக்காரனின் 100 வில்லை 1.25 அக்ரோமற்; மிச்சமெல்லாம் 20 மடங்குக் கண்வில்லையின் கைங்கரியம். 1000 மடங்குக்காரனிடம் 4, 10, 40, 100 நாலும் பிளான் அக்ரோமற், முடிவிலிக் குறியோடு. அதில் ஒன்றை வாங்கிக் கமரா பூட்டி ஆசிரியரின் மேசையில் வைப்பது, மிச்சக் காசுக்குப் பிள்ளைகளுக்குச் சாதாரண அக்ரோமற் நுணுக்குக்காட்டிகள் எத்தனை வருமோ அத்தனை எடுப்பது என்று முடிவாயிற்று.

“அப்ப வேறை என்ன சேர் வேணும்? நான் ஆடிக்கு வாறன், கையிலை கொண்டுவரலாம்.”

“கவர்சிலிப் கொண்டு வா தம்பி. பெட்டியிலை நம்பர் 1.5 எண்டு இருக்கவேணும், அதுதான் 0.17. நம்பர் 1 மெல்லிசு, 2 தடிப்பு. பார்த்து வாங்கு. உடையாமல் உடுப்புக்கு நடுவிலை வை.”